பக்கத்தில் ஒன்றுமில்லை என்பவர்களுக்கு

"ஒரே நாளில் என்னத்தைப் பார்க்க முடியும்? சென்னைக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? மூன்று நாள் லீவு சேர்ந்து வரும்போது முதுமலைக்குப் போங்கள், பந்திப்பூருக்குப் போங்கள். அதுவரை பிள்ளைகளுக்கு வண்டலூரில் சிங்கத்தைக் காட்டுங்கள், போதும்."

காட்டுயிர்களைப் பார்க்க ஒரு நாள் பயணம் போக நினைக்கும் எந்தச் சென்னைக்காரருக்கும் இந்த அறிவுரை கிடைக்கும். அலுவலகத்தில் கிடைக்கும், அடுக்குமாடி லிஃப்டில் கிடைக்கும், கல்யாணப் பந்தியிலும் கிடைக்கும். சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அது தவறான அறிவுரை. கேட்பவரின் பணத்தையும் நேரத்தையும் வீணாக்குவதோடு, இந்த ஊரைச் சுற்றியுள்ள நீர்நிலைகளுக்குத் தீங்கும் செய்கிற அறிவுரை.

முதலில் தூரக் கணக்கு. சென்னையிலிருந்து முதுமலையின் தெப்பக்காடு, சாலை வழியாக 550 கிலோமீட்டருக்கு மேல். போக ஒரு பகல், வர ஒரு பகல். இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு போய் விடியலில் இறங்கிவிடலாம் என்று மைசூர் வழியாகக் கிளம்புகிறவர்களைப் பந்திப்பூர்ச் சோதனைச் சாவடி நிறுத்திவிடும். 2009 முதல் அந்தக் காட்டைக் கடக்கும் நெடுஞ்சாலைகளில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை, விதிவிலக்கு பெற்ற சில வண்டிகளைத் தவிர வேறு போக்குவரத்து கிடையாது. இரவில் விரையும் வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் செத்துக்கொண்டே இருந்ததால் வந்த தடை அது. விலங்குகளைப் பார்க்கப் போகிறவரின் வண்டியும் அந்த வண்டிகளில் ஒன்றுதான் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. இத்தனைக்கும் பிறகு வனத்துறை வண்டியில் உட்கார்ந்து காட்டுக்குள் சுற்றுவது சுமார் ஒரு மணி நேரம். ஆயிரத்து நூறு கிலோமீட்டர் சாலை, ஒரு மணி நேரக் காடு.

அந்த ஒரு மணி நேரத்திலும் மனம் எதைத் தேடுகிறது? புலியை. புள்ளிமான் கூட்டம் தலைதூக்கிப் பார்க்கும், காட்டெருமை மூங்கில் புதரில் நிற்கும், மலை அணில் கிளைவிட்டுக் கிளை பாயும். வண்டி திரும்பி வந்து நின்றதும் "ஒண்ணுமே பார்க்கல" என்று சொல்லிக்கொண்டே இறங்குவார்கள். இதை நான் என் காதால் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்பா அப்படிச் சொல்லும்போது, அதுவரை மலை அணிலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்த குழந்தையின் முகம் மாறிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். தான் பார்த்தது கணக்கில் வராது என்று அந்தக் குழந்தை அந்த நிமிடத்தில் கற்றுக்கொள்கிறது.

பெரிய விலங்கைப் பார்த்தால்தான் பயணம் என்ற இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? சஃபாரி என்பது கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழிச் சொல். பயணம் என்பதுதான் அதன் பொருள். அரபிச் சொல்லான சஃபர் அதற்கு மூலம். நம்மூர் முஸ்லிம் வீடுகளில் பயணத்தைச் சஃபர் என்று சொல்வது இன்றும் உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் துப்பாக்கியோடு அந்த நிலங்களுக்குப் போனபோதுதான் சஃபாரி என்றால் வேட்டை என்றானது. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்று 'பெரிய ஐந்து' பற்றி இன்று சுற்றுலா விளம்பரங்கள் பேசுகின்றனவே, அது வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல். நடந்து போய்ச் சுடுவதற்கு மிகக் கடினமான, மிக ஆபத்தான ஐந்து விலங்குகள் என்பதுதான் அந்தத் தேர்வுக்கு அடிப்படை. துப்பாக்கி போய்க் கேமரா வந்துவிட்டது. பட்டியல் மட்டும் அப்படியே இருக்கிறது. நம் ஊரில் அதன் முதல் வரியில் புலி உட்கார்ந்துகொண்டது.

இந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டுச் சென்னையைச் சுற்றிப் பார்த்தால், ஒரு நாளுக்குள் போய் வரக்கூடிய தூரத்தில், வேட்டைக்காரர்களை ஊர்க்காரர்களே தடுத்து நிறுத்திய இடம் ஒன்று இருக்கிறது. வேடந்தாங்கல்.

பெயரைப் பாருங்கள். வேடன் தங்கல். ஒரு காலத்தில் வேட்டைக்குப் பேர்போன இடம் என்பதைப் பெயரே சொல்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் இங்குள்ள ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். அப்போது செங்கல்பட்டுச் சீமையின் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், அந்த நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், ஏரியில் யாரும் பறவைகளைச் சுடக்கூடாது என்று அவர்களுக்கு எழுத்தில் உறுதி கொடுத்தார். 1858-இல் அந்த உறுதி புதுப்பிக்கப்பட்டது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல். அதாவது நாட்டின் சட்டம் பிறப்பதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே ஓர் உழவர் கிராமம் தன் ஏரியில் துப்பாக்கிச் சத்தத்தை நிறுத்திவிட்டது.

அவர்களுக்குப் பறவைகள் மேல் இருந்த பாசத்துக்குள் பயிர்க் கணக்கும் இருந்தது. அந்தக் கணக்கை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஏரித் தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகிற பறவைகளின் எச்சம் தண்ணீரில் விழுகிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகிறது. எருவிட்ட நீர் அது. பறவைக்கு வேண்டியது தண்ணீர் சூழ்ந்த மரம். தரைவழி வரும் பூனையும் நரியும் கூட்டை நெருங்க முடியாது. உழவருக்கு வேண்டியது அந்தத் தண்ணீர். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஏற்பாடு நடக்கிறது. யாரும் இல்லாத அடர்காட்டில்தான் காட்டுயிர் வாழும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கரையில் ஒரு காலை நின்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் நெல் வயல், மறுபக்கம் கூழைக்கடா.

"போனோமே, ஒன்றும் இல்லையே" என்பார்கள். இந்தப் பதிலை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் எப்போது போனீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் பள்ளி விடுமுறையில், மே மாதத்தில் போயிருப்பார்கள். அப்போது ஏரி வற்றிக் கிடக்கும், பறவைகள் குஞ்சுகளோடு கிளம்பிப் போயிருக்கும். அல்லது நல்ல பருவத்திலேயே போய், காலை டிபன் முடித்துக் கிளம்பி, நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் கரையில் ஏறி, பத்து நிமிடம் நின்றுவிட்டு நிழல் தேடிப் போயிருப்பார்கள். பொங்கல் பானையை அடுப்பில் ஏற்றாமலே பொங்கவில்லை என்று சொல்வதற்கு இது சமம்.

வேடந்தாங்கல் பயணத்தின் திட்டம் ஐப்பசி மழையில் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் கடைசியில் பிடித்து ஏரியை நிரப்ப வேண்டும். நிரம்பினால் நவம்பரிலிருந்து பறவைகள் வந்து சேரும். மார்கழியும் தையும் கூடுகளின் காலம். மாசிக்குப் பிறகு குறையத் தொடங்கும். மழை பொய்த்த ஆண்டில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் எந்தப் பறவையும் வராது. ஆகவே காலண்டரில் சிவப்பு நிறத் தேதிகளைப் பார்த்துவிட்டுப் பயணம் போடுகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத் தேதி குறிக்க வேண்டும்.

அடுத்தது நேரம். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். வண்டி இல்லாதவர்கள் மின்ரயிலில் செங்கல்பட்டு வரை வந்து பேருந்து பிடிக்கலாம். அதற்குக் கூடுதல் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். காரில் போகிறவர்கள் விடிவதற்கு முன் நான்கு மணிக்குக் கிளம்பினால் கதவு திறக்கும்போது கரையில் நிற்கலாம். அந்த முதல் இரண்டு மணி நேரம்தான் பயணமே. வெயில் ஏறியதும் பறவைகள் அடங்கிவிடும். பிறகு மாலை மூன்று மணிக்கு மேல், சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் மேய்ந்துவிட்டு வரிசை வரிசையாகத் திரும்பும். இடைப்பட்ட நேரத்தில் சாப்பிடுங்கள், மர நிழலில் தூங்குங்கள். அது வீணான நேரம் என்று நினைத்து யாரும் அவசரப்பட வேண்டாம்.

என் அக்கா மகனை ஒன்பது வயதில் முதன்முதலாக அழைத்துப் போனது ஒரு தை மாதம். இரண்டு மாதமாகப் புலி புலி என்று கேட்டுக்கொண்டிருந்தவன். கரையில் பனி விலகாத நேரம். பைனாகுலரை அவன் கையில் கொடுத்து, எதைப் பார் என்று நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மாமா, அதுக்கு வாய் மூடவே மாட்டேங்குது" என்றான். நத்தைகுத்தி நாரை. அதன் மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து சதையை எடுத்துத் தின்பதற்குத் தோதான அலகு. பக்கத்துக் கூட்டில் இருந்த குஞ்சுகளைப் பார்த்தவன், "குஞ்சுக்கு மூடுதே" என்றான். அவன் பார்த்தது சரி. குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருக்காது. வளர வளரத்தான் வரும். ஒன்பது வயதுப் பையன் யாரும் சொல்லாமல், எந்தப் பலகையையும் படிக்காமல், தன் கண்ணால் கண்டுபிடித்தான். வேன் ஜன்னல் வழியாக மூன்று நொடி தெரிந்து மறையும் ஒரு வால் இதைக் கொடுக்குமா?

அங்கே நின்றால் பார்ப்பதற்கு ஒரு முழு ஊரே இருக்கிறது. இறக்கையை விரித்தால் ஏழு அடி வரும் கூழைக்கடா, அத்தனை பெரிய உடம்போடு மெல்லிய கிளை நுனியில் வந்து இறங்குவதைப் பார்க்க வேண்டும். பாம்புத்தாரா தண்ணீருக்குள் மூழ்கி மீனை அலகால் குத்தி எடுத்து வந்து, பிறகு நனைந்த இறக்கைகளை விரித்து வெயிலில் காயவைக்கும். மஞ்சள்மூக்கு நாரை உச்சி வெயிலில் குஞ்சுகளுக்கு முன் இறக்கையை விரித்துக் குடைபோல நிற்கும். தொண்டையில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகளின் மேல் ஊற்றும். நீரின் ஓரத்தில் ஊசிவால் வாத்துகளும் நீலச்சிறகிகளும் மிதக்கும். ஆசியாவின் வடகோடி வரையுள்ள தூர நிலங்களில் பிறந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து நம் மதுராந்தகம் வட்டாரத்துக்கு வந்தவை. ஒரு நாளில் என்ன பார்க்க முடியும் என்று கேட்கிறவர்கள், ஒரே ஒரு கூட்டை ஒரு மணி நேரம் பார்த்ததுண்டா? அங்கிருந்து பத்து கிலோமீட்டருக்குள் கரிக்கிலி. அடுத்தடுத்து இரண்டு ஏரிகள், கூட்டமே இல்லாத கரை. நடக்கத் தெரிந்தவர்களுக்கு வேடந்தாங்கலைவிடவும் நான் அதைத்தான் சொல்வேன்.

வடக்கே போக விரும்புகிறவர்களுக்குப் பழவேற்காடு. பொன்னேரி வரை மின்ரயில், பிறகு பேருந்து. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி அது. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். இங்கே ஓர் எச்சரிக்கை கட்டாயம் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியில் சுற்றிப் பார்க்கப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகும், பறவைகளை நெருங்க வேண்டும் என்று மீனவர்களுக்குப் பணம் கொடுத்துப் படகில் ஏறத் துடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏறாதீர்கள். கரையில் நின்று பாருங்கள். கண்ணுக்கெட்டும் தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு அசைவதே போதுமான காட்சி. பக்கத்தில் போனால் அவை எழும்பிவிடும், மேய்ச்சல் கெடும். அந்த ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்று மீனவர்களே முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாடு தலைமுறைகளாக உண்டு. மேலே பூநாரை, கீழே பாடு முறை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தால்தான் பழவேற்காட்டைப் பார்த்ததாகக் கணக்கு.

வண்டலூரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1855-இல் தொடங்கிய சென்னை உயிரியல் பூங்காவின் வாரிசு அது; இந்த நாட்டின் மிகப் பெரிய பூங்காக்களில் ஒன்று. அங்கே நடக்கும் பராமரிப்பையும் இனப்பெருக்கப் பணியையும் நான் மதிக்கிறேன். பிள்ளைகளை அழைத்துப் போங்கள். ஆனால் வேளாவேளைக்கு இறைச்சி வைக்கப்பட்டு வேலிக்குள் படுத்திருக்கும் சிங்கத்தை வேனிலிருந்து பார்ப்பதைக் காட்டுயிர்ப் பயணம் என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். அந்தச் சிங்கம் தன் உணவைத் தேடவில்லை, தன் இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. கரிக்கிலியில் சேற்றைக் கிளறும் ஓர் உள்ளான் இரண்டையும் செய்கிறது.

ஊருக்குள்ளேயே ஒன்றுமில்லையா என்ன? கிண்டி தேசியப் பூங்கா மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லாத துண்டுக் காடு. அதற்குள் வெளிமான் இருக்கிறது, புள்ளிமான் இருக்கிறது, நரி இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரமாகத் தினமும் பல்லாயிரம் பேர் வேலைக்குப் போகிறார்கள். போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது இடப்பக்கமோ வலப்பக்கமோ தலையைத் திருப்பினால் போதும்.

திருப்புவதில்லை. அதுதான் என் கோபம். "பக்கத்தில் ஒன்றுமில்லை" என்ற பேச்சு வெறும் பேச்சாக நின்றுவிடுவதில்லை. ஒன்றுமில்லாத இடத்தை யார் என்ன செய்தாலும் கேட்க ஆள் இருக்காது. பள்ளிக்கரணை ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்த சதுப்பு. குப்பை கொட்டினார்கள், சாலை போட்டார்கள், கட்டடம் எழுப்பினார்கள். இவ்வளவும் நடந்தபோது அது பெரும்பாலானவர்களின் கண்ணில் வெறும் புறம்போக்கு நிலம். இன்று எஞ்சியிருப்பது அதில் ஒரு சிறு பங்கு.

வேடந்தாங்கலுக்கும் அந்த ஆபத்து வந்தது. ஏரி மட்டும் சுமார் 30 ஹெக்டேர். அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலய எல்லை. 2020-இல் அந்த 5 கிலோமீட்டரை 3 ஆகச் சுருக்கும் முன்மொழிவு அரசிடமிருந்தே வந்தது. ஏரியைத் தொடவில்லையே, வெளி வட்டத்தைத்தானே குறைக்கிறோம் என்று கேட்பவர்களுக்கு, காலை ஆறு மணிக்குக் கரையில் நின்றவர் யாராக இருந்தாலும் பதில் சொல்வார். பறவைகள் 30 ஹெக்டேரில் கூடு கட்டுகின்றன. சாப்பாட்டுக்கு எல்லாத் திசையிலும் வெளியே பறந்து போகின்றன. சுற்றியுள்ள ஏரியும் வயலும்தான் அவற்றின் சோறு. வெளி வட்டத்தைக் குறைப்பது, வீட்டை விட்டுவிட்டுச் சமையலறையை இடிப்பது போன்றது. அன்று எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. 2022-இல் வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை மூன்றும் உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் இருப்பதால் மட்டும் எந்த ஏரியும் பிழைத்துவிடாது; அதற்காகக் குரல் கொடுக்க ஆள் வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டத்தை எதிர்த்துப் பழவேற்காட்டு மீனவர்கள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சென்னையில் எத்தனை பேருக்கு அது தங்கள் பிரச்சினையாகத் தெரிகிறது?

யானையைக் காட்டில் பார்ப்பதில் உள்ள சிலிர்ப்பை நான் மறுக்கவில்லை. முதுமலைக்குப் போகவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான்கு நாள் கையில் இருந்தால், தங்கி, நிதானமாக, புலிக் கணக்கு வைக்காமல் போய்வாருங்கள். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் அந்த ஒரு நாளுக்கு ஈடான இடம் உங்கள் வாசலிலிருந்து இரண்டு மணி நேரத்தில் இருக்கிறது. அது அடுத்தபடியான ஏற்பாடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த ஆண்டு மழை பெய்ததும் செங்கல்பட்டுப் பக்கம் உள்ள யாரிடமாவது ஏரி நிரம்பியதா என்று கேளுங்கள். நிரம்பியிருந்தால் தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். பைனாகுலரைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு, எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லாமல் பக்கத்தில் நில்லுங்கள். வேடந்தாங்கலின் கதவு காலை ஆறு மணிக்குத் திறக்கிறது.